‘தேடினேன், ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் பிள்ளைகளின் வீட்டாருக்கு



இந்தப் பதிவு நீளமானது. வீட்டில் பல்கலைக்கழகக் கடைசி வருடம் படிக்கும் பிள்ளை இருந்தால் போனை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லாத வீட்டாரும் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். அங்கே உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறோம்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் புத்தளத்தில் எங்கள் பாடசாலை நூலக அறையில் இருப்போம். படித்து வெளியேறிய பிள்ளைகள் ஆய்வேடு எழுதும் காலத்தில் வந்து உதவி கேட்பார்கள். வருகிறவர்களில் அனேகமானோர் சொல்லும் முதல் வசனம் ஒன்றுதான்: “தேடினேன் சேர், ஒன்றும் இல்லை.”

எப்படித் தேடினாய் மகள் என்று கேட்டால் போனைக் காட்டுவார்கள். ஆய்வேட்டின் முழுத் தலைப்பையும் ஒரு எழுத்து விடாமல் கூகுளில் தட்டியிருப்பார்கள். ‘புத்தளம் மாவட்டத்தில் வாழும் வடக்கு முஸ்லிம்களின் சமூக பொருளாதாரப் பிரச்சினைகள்: ஓர் ஆய்வு’. வந்த முதல் பக்கத்தில் நாலு செய்தித் தளம், இரண்டு யூடியூப் வீடியோ. அவ்வளவுதான். பிறகு அதே வசனத்தைப் பல்கலைக்கழக நூலகத் தளத்திலும் தட்டியிருப்பார்கள். அங்கே உண்மையாகவே பூச்சியம் என்று காட்டியிருக்கும்.

கூகுள் கொஞ்சம் ஊகிக்கும். எழுத்துப் பிழையைத் திருத்தும், ஒத்த சொல்லைக் கொண்டுவரும். நூலகத் தரவுத்தளம் அப்படி இல்லை. அது பெரும்பாலும் நாம் கொடுத்த எழுத்தைத் தன்னிடம் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு சைவக் கடையில் போய் உட்கார்ந்து “ஆணம் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார்கள். அடுப்பில் சொதியும் குழம்பும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நூலகங்களின் இணைய நூற்பட்டியலில் தேடும்போது புத்தகத்தின் உள்ளே தேடுவது நடப்பதில்லை. தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், வருடம், நூலகர் போட்ட நாலைந்து பொருட்சொற்கள் ஆகியவைதான் அங்கே இருக்கின்றன. 300 பக்கப் புத்தகத்தில் உங்கள் ஊரைப் பற்றி 60 பக்கம் இருக்கலாம். தலைப்பில் ஊர் இல்லையென்றால் பட்டியலுக்கு அது தெரியாது.

சென்ற வருடம் வந்த ஒரு பிள்ளையின் விடயத்தை, அவளுடைய சம்மதத்தோடு, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். உம்மாவின் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியே வந்தவர்கள். பிள்ளை பிறந்தது புத்தளத்தில். உம்மம்மாவின் தலைமுறை திரும்பிப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா என்று எப்படி முடிவெடுத்தது என்பதுதான் அவள் எழுத விரும்பியது. மேற்பார்வையாளர் ‘போதிய முன்னாய்வு இல்லை, தலைப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லி இரண்டு கிழமை கொடுத்திருந்தார். மாற்றுத் தலைப்பும் அவளுடைய கையில் தயாராக இருந்தது. கைத்தொலைபேசிப் பாவனையும் இளைஞரும் பற்றியது. எத்தனையாவது தடவை அந்தத் தலைப்பில் ஆய்வேடு வருகிறது என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

அவளை முதலில் போனை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொன்னோம். ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் போடச் சொன்னோம். முதல் நிரலில் யார், இரண்டாவதில் எங்கே, மூன்றாவதில் என்ன நடந்தது. ஒவ்வொரு நிரலிலும் அதே விடயத்துக்கு மற்றவர்கள் என்னென்ன சொல் பாவிப்பார்கள் என்று எழுத வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும். நமக்குப் பிடித்த சொல்லை மட்டும் எழுதக் கூடாது. நம்மைப் பற்றிச் சரியாகத் தெரியாத ஒருவர் என்ன சொல்லை எழுதியிருப்பார் என்றும் யோசிக்க வேண்டும்.

‘எங்கே’ நிரலில் அவள் எழுதியது யாழ்ப்பாணம், புத்தளம். நாங்கள் சேர்த்தது: வடக்கு, வட மாகாணம், வன்னி, மன்னார், எருக்கலம்பிட்டி, கற்பிட்டி. ஆங்கிலத்தில் நோர்தேர்ன் என்ற சொல் இதில் முக்கியம், காரணம் கீழே வருகிறது. ‘யார்’ நிரலில் முஸ்லிம் என்று மட்டும் எழுதியிருந்தாள். முஸ்லீம் என்று நெடில் போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டையும் தேட வேண்டும். சோனகர், இஸ்லாமியர், ஆங்கிலத்தில் மூர் என்பவற்றையும் சேர்த்தோம். ‘இஸ்லாமியத் தமிழர்’ என்று தேடினால் முக்கால்வாசி தமிழ்நாட்டு எழுத்துத்தான் வரும். அதை வேண்டாம் என்று தள்ளிவைத்தோம்.

மூன்றாவது நிரலில்தான் நேரம் போனது. ‘வெளியேற்றம்’ என்று ஒரே சொல். ஆங்கிலத்தில் எக்ஸ்பல்ஷன். அதற்கு மேல் எழுதவில்லை. நாங்கள் எவிக்ஷன், இனச்சுத்திகரிப்பு, விரட்டியடிப்பு, கட்டாய இடப்பெயர்வு, உள்ளக இடம்பெயர்ந்தோர், ஐடிபி, மீள்குடியேற்றம், மீள்திரும்புகை என்று அடுக்கினோம். ‘இடம்பெயர்வு’ என்றதும் பிள்ளையின் முகம் மாறியது. “சேர், எங்கட உம்மம்மா அந்தச் சொல்லைக் கேட்டால் ஏசுவா. நாங்க இடம்பெயரல்ல, துரத்தப்பட்டோம் என்றுதான் சொல்லுவா.”

உம்மம்மா சொல்வது சரி. ஆய்வேட்டில் எந்தச் சொல்லைப் பாவிப்பது, ஏன் என்பதை அவள் முதல் அத்தியாயத்திலேயே விளக்கி எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் தேடும்போது நமக்குக் கோபம் வரும் சொல்லையும் தட்டித்தான் ஆக வேண்டும். அரச சுற்றறிக்கைகளும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கைகளும் அந்தச் சொல்லில்தான் எழுதப்பட்டுள்ளன. ‘வெளியேற்றம்’ என்று மட்டும் தேடுகிற பிள்ளைக்கு, அதை வெளியேற்றம் என்று ஏற்றுக்கொண்டவர்களின் எழுத்து மட்டுமே கிடைக்கும். மற்றவர்கள் இதை எப்படி எழுதினார்கள், எதை மென்மையாக்கினார்கள் என்பது தெரியாமலே ஆய்வு முடிந்துவிடும்.

இன்னொரு சொல்லை நாங்கள் எழுதியபோது அவள் ஒன்றும் சொல்லாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ‘அகதி’. அவள் இங்கே பிறந்தவள். இருந்தும் ஆரம்பப் பாடசாலையில் அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்டவள். புத்தளத்தில் உள்ள நாம் எல்லோரும் இதைத் தெரிந்தவர்கள்தான், விரித்து எழுதத் தேவையில்லை. முதல் தடவை தேடும்போது அந்தச் சொல்லை அவள் வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் ரெஃப்யூஜி என்பதையும் சேர்த்து.

இந்த விடயத்தில் ஆரம்பத்திலேயே ஆழமாக எழுதியவர்களில் ஒருவர் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். எருக்கலம்பிட்டிக்காரர், பேராதனையில் புவியியல் கற்பித்தவர், 2018இல் காலமானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். 2001இல் வந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பே ‘முஸ்லிம் ரெஃப்யூஜீஸ்’ என்றுதான் தொடங்குகிறது. இலங்கை இனப்பிரச்சினையில் மறக்கப்பட்ட மக்கள் என்பது அதன் மீதிப் பொருள். தலைப்பில் வெளியேற்றம் இல்லை, யாழ்ப்பாணம் இல்லை, புத்தளம் இல்லை. அவள் விட்ட சொல் மட்டும் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் நாட்டின் எல்லையைத் தாண்டாதவர்களை அகதிகள் என்று சொல்வதில்லை. பேராசிரியருக்கு அது தெரியாமல் இல்லை. மக்கள் தங்களைச் சொன்ன சொல்லில் அவர் எழுதினார் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்தப் பின்னேரம் மேலும் மூன்று முக்கியமான நூல்கள் கிடைத்தன. மூன்றும் அவளுடைய பழைய தேடலில் சிக்காமல் போனதற்கான காரணத்தைப் பாருங்கள்.

ஷாரிகா திராணகமவின் நூல் 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. புத்தளத்துக்கு வந்து நம் மக்களோடு பேசி எழுதியது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘என் தாயின் வீட்டில்’. துணைத்தலைப்பில் இலங்கை உள்நாட்டுப் போர் என்று இருக்கிறது. முஸ்லிம் என்ற சொல்லே தலைப்பில் இல்லை. நோர்வேயின் புவியியலாளர் கத்ரின் புரூன் புத்தளத்தில் செய்த ஆய்வு 2008இல் கொழும்பில் நூலாக வந்தது. அதன் தலைப்பு ‘ஓர் இடத்தைக் கண்டடைதல்’ என்ற பொருளில் வரும். துணைத்தலைப்பில் உள்ளூர் ஒருங்கிணைவு, நீடித்த இடப்பெயர்வு, இலங்கை என்ற சொற்கள் மட்டும். மூன்றாவது, பிரஜைகள் ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை. 2011இல் கொழும்பில் லோ அண்ட் சொசைட்டி ட்ரஸ்ட் வெளியிட்டது. அதன் தலைப்பில் ‘நோர்தேர்ன் முஸ்லிம்ஸ்’ என்று இருக்கிறது, யாழ்ப்பாணம் இல்லை. ‘ஜஃப்னா முஸ்லிம்ஸ்’ என்று மேற்கோள் குறி போட்டுத் தலைப்பில் தேடியவளுக்கு நாலில் ஒன்றுகூட வர வாய்ப்பே இல்லை.

இப்படியிருக்க, போதிய முன்னாய்வு இல்லை என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எங்களுக்குக் கொஞ்சம் கோபத்தைத் தருகிறது. சொன்னவர் யார், எங்கே என்று எழுதப் போவதில்லை. அந்தத் தாளோடு திரும்பிப் போனாள், தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு அதையே எழுதச் சம்மதம் கிடைத்தது. அது போதும்.

இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவக்கூடிய சில விடயங்கள்.

ஒரே நிரலில் உள்ள சொற்களுக்கு இடையில் ‘அல்லது’ வர வேண்டும், நிரலுக்கும் நிரலுக்கும் இடையில் ‘மற்றும்’ வர வேண்டும். தளங்களில் இதற்கு ஆங்கிலத்தில் ஓர், அன்ட் என்ற சொற்களைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் பல இடங்களில் சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ‘அல்லது’ போட்ட சொற்கூட்டத்தை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். மேற்கோள் குறி போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் அப்படியே இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது நல்ல ஆயுதம். தமிழில் கவனம், ஏனென்றால் நம் மொழியில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்து, யாழ்ப்பாண. மனிதனுக்கு நாலும் ஒன்று, இயந்திரத்துக்கு நாலும் வேறு. நட்சத்திரக் குறியை ஏற்கும் தளங்களில் ‘யாழ்ப்பாண’ என்பதோடு அதைப் போட்டால் இந்த வால்களையும் சேர்த்துப் பிடிக்கும். ஏற்காத தளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டுவதைத் தவிர வழியில்லை.

நம்முடைய பெயர்கள் ஒரு தனித் தலையிடி. ஹஸ்புல்லா, ஹஸ்புல்லாஹ், ஹஸ்புள்ளா என்று மூன்று விதமாகவும் எழுதுவார்கள். முதலெழுத்துக்களில் எஸ்.எச். என்றும் எஸ்.ஹெச். என்றும் இருக்கும், இடையில் புள்ளி இருக்கும், இருக்காது. நூலகப் பட்டியலில் பெயரைத் திருப்பி, கடைசிப் பெயரை முன்னால் போட்டிருப்பார்கள். முதலெழுத்துக்களை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் ஒரு பொருட்சொல்லோடு சேர்த்துத் தேடுவதே உத்தமம். பொருட்சொல் இல்லாமல் ஹஸ்புல்லா என்று மட்டும் கூகுளில் தட்டினால், ஓர் எழுத்து வித்தியாசத்தில் உங்களை லெபனானுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்தப் பிள்ளைக்கு அதுவும் நடந்தது.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். ஆங்கிலத்தில் காத்தான்குடியை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய காலத்துக்குப் போனால் பெயரே மாறிவிடும். சைமன் காசிச்செட்டி கற்பிட்டியில் பிறந்தவர், 1834இல் இலங்கைக்கு ஆங்கிலத்தில் ஒரு இடப்பெயர் அகராதி எழுதியவர். அந்தக் கால ஆங்கில ஆவணங்களில் கற்பிட்டி என்று தேடினால் கிடைக்காது, கல்பென்டைன் என்று தேட வேண்டும். 1972 வரை நாட்டின் பெயரே ஆங்கிலத்தில் சிலோன். அதனால் பழைய விடயம் தேடும் பிள்ளை ஸ்ரீலங்கா என்று போட்டால் கதவைத் தானே பூட்டிக்கொள்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் நம் சமூகத்தின் பூர்வீகம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். நம் வரலாற்றில் எவ்வளவு பேசப்பட்ட விவாதம்! இரண்டின் தலைப்பிலும் இருப்பது ‘மூர்ஸ் ஒஃப் சிலோன்’. முஸ்லிம் என்ற சொல்லும் இல்லை, ஸ்ரீலங்கா என்ற சொல்லும் இல்லை.

குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளும் அப்படித்தான். இனத்துக்கான அட்டவணையில் ‘இலங்கைச் சோனகர்’ என்று தேட வேண்டும், மலாயர் தனியாக இருப்பார்கள். சமயத்துக்கான அட்டவணையில் ‘இஸ்லாம்’. இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக வராது. அதைப் பார்த்துவிட்டு அரசாங்கம் பிழையாகக் கணக்கெடுத்தது என்று எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. வடக்கைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: 1981க்குப் பிறகு 1991இல் மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் நாட்டின் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. வடக்கு முழுமையாக எண்ணப்பட்டது 2012இல். ஆகவே 1990ஐ ஒட்டிய எண்ணிக்கைக்கு 1981ஐ அடிப்படையாக வைத்துத்தான் ஆய்வாளர்கள் கணக்குச் செய்கிறார்கள். ‘1991 குடிசன மதிப்பீடு’ என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே தேடுவது? தமிழ் எழுத்துக்கு முதலில் நூலகம் தளம். 2005இல் தொடங்கிய இணைய நூலகம், பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாம் ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் என்பது படம். அதன் உள்ளே உள்ள வசனத்தைத் தேடல் பெட்டியால் வாசிக்க முடியும் என்று நம்பியிருக்கக் கூடாது. சஞ்சிகையின் பக்கத்தில் உள்ளடக்கம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் அதைத் தேடல் பிடிக்கும். மற்றபடி சஞ்சிகையின் பெயரையும் வருடத்தையும் ஊகித்து, ஒவ்வொரு இதழாகத் திறந்து பார்க்க வேண்டும். 1990 நவம்பர், டிசம்பர் மாதப் பத்திரிகை வேண்டும் என்றால் அந்த மாதத்துக்கே நேராகப் போங்கள். இது பொறுமை வேண்டிய வேலை. முந்தின தலைமுறை நூலகத்தில் தூசு தட்டிச் செய்ததையே நாம் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்கிறோம், அதனால் முறையிட நியாயமில்லை. கோப்புகள் பெரியவை. டேட்டா பார்த்து இறக்குங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள்.

ஆங்கிலத்தில் உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் இருக்கிறது. பேராதனை, யாழ்ப்பாணம், தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் களஞ்சியங்களும் இருக்கின்றன. இங்கே பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு வில்லங்கம் உண்டு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ்க் கட்டுரைகள் பல, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு பீடிஎப் ஆனவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. வேண்டுமானால் அதில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆகவே தமிழில் தேடினால் அந்தத் தமிழ்க் கட்டுரை வராது. அனேகமாக அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். ஆங்கிலச் சொல்லால் தேடித்தான் தமிழ்க் கட்டுரையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தெரியாது, நான் தமிழில் மட்டும் தேடுகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறோம்.

கூகுள் ஸ்கொலரில் ஒரு நல்ல நூல் கிடைத்துவிட்டால் மேலும் மேலும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நூலின் கடைசியில் உள்ள உசாத்துணைப் பட்டியல் உங்களைப் பின்னோக்கிக் கொண்டுபோகும். ஸ்கொலரில் நூலின் கீழே ‘சைட்டட் பை’ என்று இருப்பதை அழுத்தினால், அதற்குப் பின்னால் அதைப் பயன்படுத்தி எழுதியவர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தட்டிக் கிடைத்தது நாலு. மீதி ஒரு முழுப் பக்கமும் இந்த வழியில்தான் கிடைத்தது. ஹஸ்புல்லாஹ்வின் நூலை யார் யார் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று பார்த்தபோது, புத்தளத்துக்கு எத்தனை நாட்டு ஆய்வாளர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. நம் வீடுகளில் தேநீர் குடித்துவிட்டுப் போனவர்கள் என்ன எழுதினார்கள் என்று நாம் வாசிக்கவில்லை.

கல்வித்துறைக்கு வெளியே இருக்கும் அறிக்கைகளையும் மறக்க வேண்டாம். 2007இல் உலக வங்கி உதவியோடு இங்கே வீடமைப்புத் திட்டம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் ஆவணங்கள் வங்கியின் தளத்தில் பொதுவாகவே கிடைக்கின்றன. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் பழைய அறிக்கைகளும் இணையத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத் தமிழ் விரிவுரையாளர்கள் தங்கள் உயிருக்கு ஆபத்திருந்த காலத்தில் எழுதியவை அவை. நம் பிள்ளைகள் அவற்றை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

கட்டுரையைத் திறந்தால் 40 டொலர் கேட்கிறது என்று பயந்து மூடிவிடுகிறார்கள். பணம் கட்டத் தேவையில்லை. ஸ்கொலரில் ‘ஓல் வேர்ஷன்ஸ்’ என்பதை அழுத்திப் பாருங்கள், ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் பிரதி இருக்கலாம். ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே வாசிக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தன் கட்டுரையை இலங்கையில் ஒரு மாணவி கேட்கிறாள் என்றால் அனேகமானோர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தேடும் சொற்களை யோசிக்க அதனிடம் உதவி கேட்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ‘வெளியேற்றம் என்பதற்கு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் என்னென்ன சொல் பாவிப்பார்கள்’ என்று கேட்டால் நல்ல பட்டியல் தரும். ஆனால் உசாத்துணை நூல்களைக் கேட்காதீர்கள். அண்மையில் ஒரு பிள்ளை கொண்டுவந்த பட்டியலில் ஆசிரியர், வருடம், பதிப்பகம் எல்லாம் அழகாக இருந்தன. நாங்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். சில நூல்கள் எந்த நூலகத்திலும் இல்லை, எந்தக் காலத்திலும் எழுதப்படவும் இல்லை. நம் ஊரைப் பற்றி இல்லாத ஒரு நூலை ஆய்வேட்டில் போட்டால், அடுத்து வரும் பிள்ளை அதை நம்பித் தேடும். இயந்திரம் தந்த எந்த நூலையும் ஒரு நூற்பட்டியலில் கண்ணால் கண்ட பிறகே எழுதுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில விடயங்களுக்கு உண்மையாகவே ஒன்றும் இருக்காது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு இடத்தில் அப்படி நின்றது. சோனகத் தெருவில் 1990க்கு முன் இருந்த கடைகள், சங்கங்கள், பெண்கள் வீட்டில் இருந்து செய்த தொழில்கள் பற்றிக் கேட்டிருந்தாள். எந்தச் சொல்லில் தேடியும் கிடைத்தது மிகக் கொஞ்சம். 1981இல் யாழ் பொது நூலகத்தில் எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களில் நமக்குரியவை எத்தனை என்று யார் சொல்வது? 1990இல் உடுத்த உடையோடு வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தையும் சங்கத்துக் கூட்டறிக்கையையும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

ஆனாலும் சில வீடுகளில் ஏதோ இருக்கிறது. உறவினர் கொழும்பில் வைத்திருந்த பழைய பாடசாலை மலர், கல்யாணக் கடிதம், பள்ளிவாசல் திறப்புவிழா மலர், மீலாத் விழா அழைப்பிதழ், கடைப் பெயர் அச்சடித்த ரசீதுப் புத்தகம். தென்னந்தோப்பும் உப்பளமும் வைத்திருந்த புத்தளத்துப் பழைய குடும்பங்களிடமும் நிறைய இருக்க வேண்டும். எங்கள் நூலக அறையில் ஸ்கேனர் இருக்கிறது. கொண்டுவந்தால் உங்கள் முன்னாலேயே ஸ்கேன் செய்து அசலைக் கையோடு திருப்பித் தருகிறோம். நீங்கள் சம்மதித்தால் மட்டும் இணைய நூலகத்துக்கு அனுப்புவோம். அனுப்பும்போது எல்லோரும் தேடக்கூடிய சொற்களையும் சேர்த்தே அனுப்புவோம்.

சோனகத் தெரு, எருக்கலம்பிட்டி, கற்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைகள், கடைகள், கிணறுகளின் பழைய பெயர்கள் ஞாபகம் உள்ளவர்கள் கொமெண்டில் எழுதுங்கள். எப்படி எழுத்துக்கூட்டினாலும் பரவாயில்லை, இரண்டு விதமாகத் தெரிந்தால் இரண்டையும் எழுதுங்கள். வயதானவர்களுக்கு எழுத ஏலாது என்றால் பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மக்ரிப் வரைக்கும் இருப்போம். ஆய்வேட்டுக்காக வரும் பிள்ளைகள் மூன்று நிரல் போட்ட தாளோடு வரவும்.